நின்ற இடத்தில் ஐந்து மைல்

1961 ஜனவரி 9, திங்கள்

இன்று கீரனூர் ரிஜிஸ்தர் ஆபீசில் நான்கு கிரயப் பத்திரம் எழுதினேன். நான்கு பத்திரம் என்றால் நான்கு தடவை கிளப்புக் கடை. பத்திரம் பதிவானதும் நிலம் வாங்கியவர் எழுதினவனைக் கூட்டிப் போய் வாயை இனிக்கச் செய்ய வேண்டும், அது இந்தப் பக்கத்து வழக்கம். எழுதினவன் வாய் இனிக்காமல் போனால் நிலத்தில் வில்லங்கம் வருமாம். பதினாறு வருஷமாக ஊரார் நிலத்துக்கு வில்லங்கம் வராமல் காத்து வருகிறேன். எல்லாம் என் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் பஸ் ஏறும்போது கண்டக்டர் உள்ளே பார்த்து, "ரெண்டு பேர் எந்திரிங்க, எழுத்தரு வாராரு" என்றான். ஒருவர் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். உட்கார்ந்த பிறகு அவன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். மேசையில் பாஸ்கா நோட்டு. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் நடிக்கிற ஆண்டவருடைய பாடுகளுக்கு யாருக்கு என்ன வேஷம் என்று எழுதி வைக்கிற நோட்டு. பன்னிரண்டு வருஷமாக சேசுநாதர் வேஷத்துக்கு நேரே 'பங்கிராஸ், பத்திர எழுத்தர்' என்று என் பெயர்தான் இருந்தது. இந்த வருஷம் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

சாமியார் நல்ல மனுஷர். நாக்குதான் உளி. "சேசுநாதர் நாப்பது நாள் உபவாசம் இருந்தவரு, பங்கிராஸ். உம்மைப் பார்த்தா நாப்பது நாளும் கானாவூர் கல்யாண வீட்டுப் பந்தியில இருந்த மாதிரி இருக்கு" என்றார்.

போன வருஷம் நடந்ததை அவர் சொல்லவில்லை. என்னைச் சிலுவையில் கட்டி எட்டுப் பேர் தூக்கி நிறுத்தியபோது, கால் வைக்கிற கட்டை மளுக்கென்று ஒடிந்தது. இடுப்புக் கயிற்றில் தொங்கினேன். 'எல்லாம் முடிந்தது' என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்வதற்குள் கூட்டத்தில் யாரோ, "மொதல்ல கட்டை முடிஞ்சது" என்றான். அதுவரை அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஆண்டவர் உயிர்விடும் நேரத்தில் ஒரு பங்கே சிரித்தது, என்னால்.

இப்போது தீர்ப்பு இது. தச்சர் ஞானமணி, புதிதாகச் செய்யப் போகிற சிலுவையும் நூற்றெண்பது பவுண்டுக்கு மேல் தாங்காது என்கிறார். பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று தூக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் நான் இளைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேஷம் சந்தனராஜுக்கு. அவன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், இருபத்து நாலு வயது, பக்கவாட்டில் நின்றால் கண்ணுக்கே தெரிய மாட்டான்.

ஜனவரி 16, திங்கள்

எனக்கு வேஷத்தில் ஆசை என்று ஊரில் நினைக்கிறார்கள். ஆசை இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே என்னைப் பார்த்துச் சிரிக்கும். வெள்ளை அங்கி போட்டு, தாடி ஒட்டிக்கொண்டு தெருவில் போகும்போது, என்னிடம் பத்திரம் எழுதிக்கொண்டவர்களே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் இன்னொன்று உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

1949 மார்ச்சில் மகள் மரிய செல்வி மடத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறந்தாள், அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். சிஸ்டர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுகிறார், தட்டுகிறார், சத்தமே இல்லை. நான் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளை அழுதால் வருஷா வருஷம் உம்முடைய சிலுவையைச் சுமக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அழுதாள். இன்னும் நிறுத்தவில்லை, நேற்றுகூட ரிப்பனுக்கு அழுதாள்.

முத்திரைத்தாள் இல்லை, பதிவு இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும் அது பத்திரம். எழுதிக் கொடுத்தவன் நான். மீறினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. பிள்ளை தும்மினால்கூட இனி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆசை பாதி, நேர்ச்சை பாதி. இரண்டில் எது அசல், எது நகல் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 18, புதன்

கீரனூர் டாக்டரைப் பார்த்தேன். முதலில் நிறுத்துக்கொண்டு வாருங்கள் என்று ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். பார்சல் தராசில் ஏறி நின்றேன். கிளார்க் குண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இருநூத்திப் பன்னெண்டு பவுண்டு. எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்றார்.

டாக்டர் சொன்ன வைத்தியம் சுருக்கமானது. பஸ்ஸை விட்டுவிட்டுச் சைக்கிளில் வந்து போக வேண்டும். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். என் சைக்கிள் மாமனார் கலியாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. ஆறு வருஷமாக அதன் ஹாண்டில்பாரில் கோழி அடைகிறது.

ஜனவரி 23, திங்கள்

சைக்கிளில் போனேன். சாதாரண ஆள் சைக்கிளில் போனால் ஊர் பார்க்கும். பத்திர எழுத்தன் போனால் ஊர் நிறுத்தும். முதல் மைலில் ஒரு பாகப்பிரிவினைச் சந்தேகம், ஒரு செம்பு மோர். இரண்டாவது மைலில் பட்டாவில் பெயர் மாற்றுகிற விஷயம், அவித்த பனங்கிழங்கு. அதற்கப்புறம் ஓர் உயில், பொங்கலுக்குச் சுட்டு மிஞ்சின அதிரசம். வேண்டாம் என்றால் விடுகிறார்களா? "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டீங்களோ" என்று ஒரு கேள்வி வந்துவிடும்.

பத்தரை மணி ஆபீசுக்குப் பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வரும்போதும் அதே வீடுகள், காலையில் மறந்துபோன சந்தேகங்கள். பஸ்ஸில் போன நாளில் நாலு பலகாரம். சைக்கிளில் போன இன்றைக்கு ஒன்பது.

ஜனவரி 25, புதன்

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துப் படம் காட்டினார். ஒரு வெள்ளைக்காரன் சைக்கிள் மிதிக்கிறான். பார்த்தால் சைக்கிளுக்குச் சக்கரம் தரையில் இல்லை. ஓர் அறைக்குள் இரும்புச் சட்டத்தில் நிற்கிறது. எங்கும் போகாமலே அவனுக்கு வேர்க்கிறது. இளைப்பதற்கென்றே செய்த யந்திரமாம்.

போகாத சைக்கிள்! எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. போனால்தானே நிறுத்துவார்கள்?

ஜனவரி 29, ஞாயிறு

கீரனூர் சைக்கிள் கடை நாகராசு மத்தியானம் வந்தார். சைக்கிளோடு இருக்கிற ஸ்டாண்டு என் பாரத்துக்கு வளைந்துவிடும் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார். மாட்டுக் கொட்டகையில் இரண்டு பக்கமும் கவட்டுக் கட்டை நட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் அச்சைத் தூக்கி உட்கார வைத்தார். முன்சக்கரத்தைக் குழி தோண்டி இறக்கிவிட்டார். பிரேக் கட்டையைச் சக்கரத்தில் இலேசாக உரச வைத்தார், கால் சும்மா சுற்றினால் பிரயோசனம் இல்லையாம். எல்லாம் முடிந்ததும், "இது எங்க போறதுக்குண்ணே?" என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி மிதித்தேன். எதிரே பசு. நான் வரப்போகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. வரவில்லை என்றதும் அசைபோட ஆரம்பித்துவிட்டது.

என் மனைவி வியாகுலமேரி கழுநீர் ஊற்ற வந்தவள், "எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்றாள்.

ஜனவரி 30, திங்கள்

தொடை என்று இரண்டு என்னிடம் இருப்பது இன்று தெரிந்தது.

பிப்ரவரி 6, திங்கள்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கொட்டகையிலிருந்து காலையில் கர் கர் என்று சத்தம் வருகிறது என்று பேச்சு. இன்றைக்கு மேலத்தெரு மூக்காயிக் கிழவி அரிவாள்மணையோடு வந்து நிற்கிறது. எழுத்தர் சாணை பிடிக்கிற தொழில் ஆரம்பித்திருக்கிறாராம், நன்றாகத் தீட்டித் தர வேண்டுமாம். நான் பெடலில் நின்றபடி இல்லை இல்லை என்கிறேன், எனக்கு மூச்சு வாங்குவதில் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாகுலம் வந்து விஷயத்தைச் சொன்னாள். மூக்காயி என்னை மேலும் கீழும் பார்த்தது. "எளைக்கணும்னா சோத்தைக் கொறைக்க வேண்டியதுதானே, எதுக்கு இந்த இரும்பைப் போட்டு வதைக்கிறீக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

டாக்டர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, சனி

எவ்வளவு நேரம் மிதிப்பது என்று தெரியாமல் இருந்தது. என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. ஆகையால் செபமாலையை ஹாண்டில்பாரில் போட்டுக்கொண்டேன். ஐம்பத்து மூன்று மணிச் செபம் முழுசும் முடிகிற வரைக்கும் மிதிப்பது என்று வைத்துக்கொண்டேன். உடம்புக்கும் ஆச்சு, ஆத்துமத்துக்கும் ஆச்சு.

முதல் மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. இன்றைக்குப் பார்க்கிறேன், கால் வலிக்க வலிக்க மங்கள வார்த்தை செபம் வேகம் பிடிக்கிறது. முதல் பத்து மணி பாசஞ்சர் வண்டி. கடைசிப் பத்து மணி போட் மெயில். வியாகுலம் அடுப்படியிலிருந்து, "மாதா பாவம்ங்க, மூச்சு விட விடுங்க" என்றாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 15, விபூதிப் புதன்

நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிற்று. நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று சாமியார் நினைவூட்டினார். என்னைப் பார்க்கும்போது ஒரு கணம் நிறுத்தினார். இவ்வளவு மண்ணா என்று யோசித்திருப்பார்.

இன்று முதல் ஒருசந்தி. ஒரு நாளைக்கு ஒரே சாப்பாடு, மத்தியானம். மாமிசம் கிடையாது. சந்தனராஜும் ஒருசந்தியாம். அவனுக்கு எதற்கு?

பிப்ரவரி 22, புதன்

குன்றாண்டார்கோவில் பக்கத்து அய்யாக்கண்ணு இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கினார். இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுத அதே நிலம். பதிவானதும் லட்டுப் பொட்டணத்தோடு வந்தார். ஒருசந்தி, சாப்பிட மாட்டேன் என்றேன். மனுஷர் முகம் விழுந்துவிட்டது. நிலத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது, அதனால்தான் எழுத்தர் வாயில் வைக்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்துவிட்டார். எங்கள் வேதத்து நோன்பு என்று எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனால் பொட்டணத்தை மடக்கவில்லை. ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இந்த ஒண்ணே ஒண்ணுங்க. எம் மண்ணுக்காக."

தின்றேன். அவருக்காக ஒன்று. இரண்டாவது யாருக்காக என்று கேட்கக் கூடாது.

மார்ச் 6, திங்கள்

ஸ்டேஷன் தராசில் ஏறினேன். கிளார்க், "தொண்ணூத்தி மூணு" என்றார். எனக்குக் காது அடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து தொண்ணூற்று மூன்றா! அங்கேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். கிலோ, எல்லாம் இப்ப புது எடை என்றார் அவர்.

அது எனக்குத் தெரியாததா? ஆறு மாதமாக நானே எல்லாருக்கும் மெட்ரிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் பஸ் ஏறி வீடு வருகிற வரைக்கும் பெருக்கிப் பார்க்காமல் வந்தேன். கவர்மெண்டார் கொடுத்த சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? வீட்டில் வந்து பெருக்கினால் இருநூற்று ஐந்து. ஐந்து வாரம் மிதித்து ஏழு பவுண்டு. மலையைக் கெல்லி எலியைப் பிடித்திருக்கிறேன்.

மார்ச் 7, செவ்வாய்

வியாகுலத்திடம் கணக்கைக் காட்டிப் புலம்பினேன். ஒருசந்தி இருக்கிறேன், மிதிக்கிறேன், ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். மத்தியானம் நான் சாப்பிடுவதற்கு முன்னால் என் இலைச் சோற்றை மூன்று வட்டிலில் பிரித்து வைத்தாள். மூன்று வட்டிலும் நிறைந்தது.

"இது காலைக்கு, இது மத்தியானத்துக்கு, இது ராத்திரிக்கு. நேரம்தான் ஒண்ணு" என்றாள்.

பதினாறு வருஷமாக அடுத்தவர் சொத்தைப் பாகம் பிரிக்கிறேன். என் சொத்தைப் பிரித்துக் காட்ட அவள் வேண்டியிருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

செல்விக்குப் பன்னிரண்டு முடிந்தது. பாயசத்தைத் தொடவில்லை. தொட்டேன், குடிக்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

ஒரே வட்டில் சோறு, எட்டு நாளாக. காலையில் ஒரு செபமாலை, சாயங்காலம் ஒரு செபமாலை, நிதானமாக. தலை சுற்றுகிறது, கோபம் வருகிறது, நேற்று ஒரு பத்திரத்தில் வடக்கே என்பதைக் கிழக்கே என்று எழுதிவிட்டேன்.

வியாகுலம் சொல்கிறாள், வயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கால்தான் ஆள் மாறிவிட்டது என்று. தொடையைத் தட்டிப் பார்த்தேன். உண்மைதான், கட்டை மாதிரி இருக்கிறது. எதைக் கேட்டேன், எது கிடைத்திருக்கிறது!

ஞானமணி புதுச் சிலுவை செய்துவிட்டாராம். கூப்பிட்டுக் காட்டினார். பழையதைப் போல ஒன்றரைப் பங்கு கனம், நாட்டு வேம்பு. அறுபது வயசில் ஒற்றை ஆளாக அறுத்து இழைத்திருக்கிறார். "நூத்தியெம்பதுன்னு நான்தான் சொன்னேன். நீங்க எறங்குனாலும் சரி, எறங்காட்டியும் சரின்னு கூடவே வச்சுட்டேன். ஒங்களுக்குன்னே செஞ்சது" என்றார்.

மார்ச் 25, சனி

தொண்ணூற்றொரு கிலோ. பெருக்கவில்லை.

மார்ச் 26, குருத்து ஞாயிறு

மத்தியானம் கோவில் பின்புறம் தூக்கிப் பார்த்தார்கள். சிலுவையைத் தரையில் கிடத்தி என்னைக் கட்டினார்கள். பத்துப் பேர். போன வருஷம் எட்டு. ஞானமணி தலைமாட்டில் தோள் கொடுத்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

நிமிர்ந்தது. குழியில் இறங்கிற்று. கட்டை ஒடியவில்லை, கயிறு அறவில்லை. சாமியார் இரண்டு கையையும் விரித்து, "சரி, பங்கிராஸ், நீரே இரும்" என்றார். ஜெயித்துவிட்டேன்.

மேலே இருந்தால் எல்லாம் தெரிகிறது. பன்னிரண்டு வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டே தொங்கியவன், இன்றைக்குத்தான் கீழே பார்த்தேன். பத்துப் பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஞானமணியின் கால் சிலுவையின் அடியில் மாட்டியிருக்க வேண்டும், பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். அவர் யாருக்கும் காட்டாமல் குனிந்து புழுதியை அள்ளி விரல்மேல் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நீங்க ஆடாம இருங்க" என்றார்.

இறக்கச் சொன்னேன். கயிறு அவிழ்த்ததும் சாமியாரிடம், வேஷம் சந்தனராஜுக்கே இருக்கட்டும் என்றேன். சந்தனராஜ், "ஏண்ணே, நான் கேக்கலையே" என்றான். நீ கேட்கவில்லை தம்பி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 27, திங்கள்

பெரிய தியாகி! ஒரு நாள் தாங்கவில்லை. என்ன செஞ்சு தொலைச்சேன்? மரம் தாங்கிருச்சே, சாமியார் சரின்னுட்டாரே, எனக்கென்ன வந்துச்சு? ஞானமணிக்கு நகம் போனா நகம் மொளைக்கும். நேர்ச்சை போனா?

செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கால் மணி தாமதம். தெருமுனை வரைக்கும் ஓடினேன். இலந்தைப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏம்ப்பா ஓடியாரீங்க என்றாள். சும்மா, உடம்பு இளைக்க என்றேன்.

ஆண்டவரே, கோவிச்சுக்கிறாதீங்க. பிள்ளைகிட்ட வச்சுக்கிறாதீங்க. எங்கிட்ட வச்சுக்கங்க.

மார்ச் 29, புதன்

சாமியார் எனக்கு ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார். சீரேனே ஊர் சீமோன். வயல்காட்டிலிருந்து வருகிற குடியானவன். சேவகர்கள் அவனைப் பிடித்து இழுத்து, சிலுவையின் பின்பக்கத்தைத் தூக்கச் சொல்வார்கள். பொட்டலுக்குப் போகிற வழியில் உள்ள புளியமரத்திலிருந்து பத்தடி தூக்கிவிட்டு விலகிவிட வேண்டும். வசனம் கிடையாது. அங்கி கிடையாது, தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி. வயிறு இருந்தால் பாதகமில்லையாம்.

பத்தடி. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பத்தடி.

இருந்தும் காலையில் கொட்டகைக்குப் போனேன், ஏறினேன், மிதித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பசுவும் கேட்கவில்லை.

மார்ச் 31, பெரிய வெள்ளி

எழுத முடியவில்லை. வலது கை தோளுக்கு மேலே வரவில்லை.

ஏப்ரல் 1, பெரிய சனி

இன்றைக்குக் கை கொஞ்சம் பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மூன்று மணிக்குக் கோவிலிலிருந்து புறப்பட்டார்கள். அங்கிருந்து சிலுவை நடுகிற பொட்டல் அரை மைல். செம்பொறைக் கல்தரை, வெறுங்கால், வெயில் தணல் மாதிரி. சந்தனராஜ் நாற்பது நாளும் உண்மையான ஒருசந்தி இருந்தவன், நேற்று முன்தினத்திலிருந்து தண்ணீர் மட்டும்தானாம். தோளில் அந்த வேம்பு. என் பாரத்துக்கென்று ஞானமணி செய்த சிலுவை. பழையதைக் கால்கட்டை ஒடிந்ததோடு கழித்தாயிற்று, வேறு செய்ய நாள் இல்லை. நான் வேஷத்தை விட்டபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. வேஷத்தை அவனுக்குக் கொடுத்தேன், என் கனத்தையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டேன்?

நான் புளியமரத்தடியில் மண்வெட்டியோடு நின்றேன். முதல் முறை விழுந்தான், அது நடிப்பு. எழுந்தான். மரத்துக்கு வெகுதூரம் முன்னால் மறுபடி விழுந்தான், அது நடிப்பு இல்லை. சேவகர்களுக்குத் தெரியவில்லை, கயிற்றால் அடிக்கிற மாதிரி ஓங்குகிறார்கள். பெண்கள் அழுகிறார்கள். பன்னிரண்டு வருஷம் விழுந்து பழகினவன் நான், எனக்குத் தெரியாதா? நடிக்கிறவன் கையை ஊன்றி விழுவான். அவன் முகத்தை ஊன்றி விழுந்திருந்தான்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒங்க எடம் இது இல்லண்ணே என்று ஒரு சேவகன் முணுமுணுத்தான். குனிந்தேன். "அண்ணே, எந்திரிக்க முடியலண்ணே" என்றான் சந்தனராஜ், உதடு வெடித்திருந்தது. சிலுவையை அவன்மேலிருந்து தூக்கி என் தோளில் வைத்தேன். பின்பக்கத்தை அல்ல, முழுசையும். அவனை இரண்டு சேவகர்கள் கைத்தாங்கலாக நடத்தினார்கள்.

மிச்சம் எவ்வளவு தூரம் என்று பார்க்கவில்லை. கொட்டகையில் செய்கிற மாதிரி மங்கள வார்த்தை செபத்தை எண்ண ஆரம்பித்தேன். ஒரு மணிக்குப் பத்து எட்டு. கால் கேட்டபடி வந்தது. இரண்டு மாதமாக எங்கும் போகாமல் மிதித்த மைல் எல்லாம் அந்தத் தரையில் வந்து இறங்கின. வயிறு முன்னால் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நாற்பதாவது மணியில் கண்ணை மறைத்தது. அப்போதும் வேகம் பிடிக்கவில்லை, அதை மட்டும் பெருமையாக எழுதிக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று முடிந்து, இரண்டாவது சுற்றில் பாதிக்கு மேல் போனபோது பொட்டல் வந்தது.

சந்தனராஜுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, தெளிந்த பிறகு கட்டினார்கள். ஆறு பேரே தூக்கிவிட்டார்கள். அழகாக இருந்தான், படத்தில் இருக்கிற மாதிரி. 'எல்லாம் முடிந்தது' என்று அவன் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் கூட்டத்தோடு முழங்காலில் இருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அதை முதல் தடவையாகக் கீழே இருந்து பார்த்தேன். அழுகை வந்தது, நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து வியாகுலம் தோளுக்கு வேப்பெண்ணெய் தடவினாள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, ஏம்ப்பா அப்படி அழுதீங்க என்றாள். வியர்வை என்றேன்.

வியாகுலம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, "நீ பொறந்தப்ப அழுகலைடி. அதுக்குத்தான் ஒங்கப்பா அழுவுறாரு" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"சன்னலுக்கு வெளிய நின்னு கத்துனா உள்ள கேக்காதா? வலியில கெடந்தாலும் காது இருந்துச்சுல்ல. சிலுவையைச் சொமக்குறேன்னுதானே சொன்னீங்க. ஏறித் தொங்கச் சொல்லி அன்னிக்கு யாரும் கேக்கவும் இல்ல, தொங்குறேன்னு நீங்க சொல்லவும் இல்ல."

பன்னிரண்டு வருஷமாகச் சாட்சி இல்லாத பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சி அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஏப்ரல் 3, திங்கள்

உயிர்த்த ஞாயிறு நேற்று. ஆட்டுக்கறி. வட்டில் ஒன்றுதான். ஒன்றே கால்.

ஏப்ரல் 10, திங்கள்

ஆபீசில் மூன்று பத்திரம். ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. அய்யாக்கண்ணு வந்திருந்தார், நஞ்சையில் நாற்று விடப் போகிறாராம், வில்லங்கம் ஒன்றும் இல்லையாம். எனக்குத்தான் அந்தப் பெருமை என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஞானமணி வீட்டுக்கு வந்தார். பெருவிரலில் இன்னும் துணி சுற்றியிருக்கிறது. சிலுவையைக் கோவில் கொட்டகையில் ஏற்றி வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க வந்தாராம். அடுத்த வருஷமும் சந்தனராஜ்தான் என்றால் நாலு பக்கமும் இழைத்துக் கனத்தைக் குறைத்துவிடலாம், இரண்டு நாள் வேலைதான் என்றார்.

இழைக்க வேண்டாம் என்றேன். தொங்குவது சந்தனராஜ் இருக்கட்டும், கோவில் வாசலிலிருந்து பொட்டல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான் என்று சாமியாரிடம் கேட்டிருக்கிறேன் என்றேன். ஞானமணி என் தோளைப் பார்த்தார், அப்புறம் காலைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார்.

கொட்டகைக்குப் போய் ஏறினேன். ஐம்பத்து மூன்று மணி, நிதானமாக. முடித்துவிட்டு இறங்கும்போது வியாகுலம் கழுநீரோடு வந்தாள். எது வரைக்கும் என்று கேட்டாள்.

புளியமரம் தாண்டியாச்சு என்றேன்.